முன்னே பார்த்த வேலை

ப்ரியம்வதாவின் விரல்கள் வெடித்து ரத்தம் கசிந்ததை முதலில் பார்த்தவள் அவள் மாமியார் பத்மினிதான். பார்த்தவள் பதறினாளா? இல்லை. ஈரப் புடவையோடு தெருக்கோடி வரை போய்ப் பெருமையாகச் சொல்லிவிட்டு வந்தாள்.

"எங்காத்து மாட்டுப்பொண் மடின்னா அப்படியொரு மடி. விரல் வெடிச்சாலும் சரி, அலம்பாம ஒரு டம்ளரைத் தொடமாட்டா. இந்தக் காலத்துல யாராத்துல இருக்கு, சொல்லுங்கோ பார்ப்போம்!"

கேட்டவர்கள் மூக்கின்மேல் விரல் வைத்தார்கள். திருப்பதியில் கோயில் மாட வீதியிலிருந்து பிரியும் அந்தச் சந்தில் ஒன்பது வீடு. ஒன்பதிலும் கோயில் கைங்கரியக்காரர்கள். குளித்து, தனியாக உலர்த்திய துணியைக் கட்டினால் மடி. அதற்குப் பிறகு கண்டதைத் தொட்டால் விழுப்பு, மறுபடி குளியல். அப்படிப்பட்ட இடத்தில் ஒரு பெண் மணிக்கணக்காகக் கை அலம்பினால் யார் அதை வியாதி என்று சொல்வார்கள்? ஆசாரம் என்றார்கள். வேறு எந்தத் தெருவிலாவது இருந்திருந்தால் ரெண்டாம் மாதமே டாக்டரிடம் கூட்டிப்போயிருப்பார்கள்.

சித்தூரில் பிறந்து, தாய் தகப்பன் ரெண்டு பேரையும் பறிகொடுத்துவிட்டு, ஒரு சித்தப்பா கன்யாதானம் செய்து அந்த வீட்டுக்கு வந்தவள் ப்ரியம்வதா. மாமனார் வெங்கடராகவன் நாற்பது வருஷம் கோயில் மடப்பள்ளியில் பெருமாளுக்குத் தளிகை பண்ணி ஓய்ந்தவர். அவருக்குப் பின் அதே மடப்பள்ளியில் மகன் ஹயக்ரீவன். ஆள் உயரத்துக்கு அண்டா, அதில் வெந்த சோறு, அதை நாலு பேர் சேர்ந்து கவிழ்த்துப் புளிக்காய்ச்சல் விட்டுக் கிளற வேண்டும். முழங்கை வரை சுட்ட தழும்பு. ஹயக்ரீவன் நல்லவன். அந்த வீட்டில் நல்லவன் என்றால் எதிர்த்துப் பேசாதவன் என்று பொருள்.

பெருமை பேசின பத்மினி ஒன்றை மட்டும் தெருவில் சொல்லவில்லை. ப்ரியம்வதாவுக்கு ரெண்டே முக்கால் வயதில் ஒரு பிள்ளை, வரதராஜன், எல்லாருக்கும் வரது. அந்தப் பிள்ளையைப் பெற்றவள் தூக்கி ஒன்பது மாதம் ஆகியிருந்தது. அவன் உடம்பு அழுக்கு என்று அவள் தூக்காமல் இல்லை. தன் கையில் ஏதோ ஒட்டிக்கொண்டிருக்கிறது, எத்தனை அலம்பினாலும் போகவில்லை, அது பிள்ளைமேல் பட்டால் பிள்ளை செத்துப்போகும் என்று பயந்தாள். அந்தப் பயம் அவளுக்கு மட்டும்தான் தெரியும். வெளியே பார்க்கிறவர்களுக்கு மடி.

அந்த வருஷம் சித்திரை வெயில் தகித்தது. நகராட்சித் தண்ணீர் ரெண்டு நாளைக்கு ஒருமுறை வந்தது, அதுவும் அரை மணி. மற்றதெல்லாம் டேங்கர் லாரி. லாரிக்காரன் கிரண்குமார், "ஏமண்டி, ஒன்பது வீட்டுக்கு விடற தண்ணி உங்க ஒரு வீட்டுக்கே காணல!" என்று சிரித்துவிட்டுப் போவான். அப்போதுதான் வரதுவுக்குக் காய்ச்சல் வந்தது. நூற்று மூன்று. "அம்மா தூக்கு, அம்மா தூக்கு" என்று கத்தினான். ப்ரியம்வதா நிலைப்படியில் நின்றாள். கை ரெண்டையும் எதிலும் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வாயில் புடவைத் தலைப்பைத் திணித்துக்கொண்டு, சத்தம் வராமல் அழுதாள். உள்ளே வர முடியவில்லை. பாட்டி மடியில் கிடந்த பிள்ளை அவளைப் பார்த்துக் கத்திக் கத்தித் தூங்கிப்போனது. மடப்பள்ளியிலிருந்து வந்த ஹயக்ரீவன் அதைப் பார்த்துவிட்டான்.

மறுநாள் பாலாஜி காலனியில் ஒரு தோல் டாக்டரிடம் கூட்டிப்போனான். அவர் விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு நாளைக்கு எத்தனை தடவை அலம்புவீர்கள் என்று கேட்டார். அவள் அழுதாள்.

"களிம்பு தரேன். ஆனா இது தோல் சம்பந்தம் இல்லைங்க. மாடியில வரலட்சுமின்னு ஒருத்தர் இருக்கார். மனசுக்கு வைத்தியம் பண்றவர். இன்னிக்கே பாருங்க."

வீட்டில் ஹயக்ரீவன், "கைக்கு டாக்டர், வாரம் ரெண்டு தடவை வரச் சொல்லியிருக்கா" என்றான். மனசு என்ற சொல்லை வாயில் வரவிடவில்லை.

மாடியில் ரெண்டு அறை. ஒன்றின் வாசலில் ஆள் உயரத்துக்கு ஃப்ளெக்ஸ் பேனர்: மைண்ட் எக்ஸ்பர்ட் விஜயராகவன், கழுத்தில் மாலையோடு அவர் படம், கீழே முப்பது வரி. இன்னொன்றில் சின்னப் பலகை. வரலட்சுமி, அடுத்து அவள் படிப்பு, அவ்வளவுதான். வரலட்சுமிக்கு நாற்பது வயதிருக்கும். ஒட்ட வெட்டிய நகம், கனத்த மணிக்கட்டு. நகரிப் பக்கத்துப் பேச்சு.

"எத்தினி நாளா புள்ளயத் தூக்கல மா?"

"ஒம்பது மாசம்."

"தூக்கணும்னு ஆசை இருக்குதா?"

ப்ரியம்வதா நிமிர்ந்து பார்த்தாள். ஒன்பது மாதத்தில் யாரும் அவளிடம் கேட்காத கேள்வி அது. "உசிரே போறது" என்றாள்.

"அப்ப தூக்கலாம். இந்தப் பயத்தைப் போ போன்னு தள்ளினா போவாது மா. வா, குந்துன்னு சொல்லிட்டு நம்ம வேலையப் பாத்துக்கினு இருக்கணும். கொஞ்ச நேரம் ஆட்டம் காட்டும். அப்பறம் அதுவா எழுந்து போய்டும். அலம்பினீங்கன்னா மட்டும் அது போவவே போவாது."

வைத்தியம் கேட்பதற்குச் சுலபம். கதவுப் பிடியைத் தொட வேண்டும், அரை மணி அலம்பக் கூடாது. செருப்பைத் தொட வேண்டும், ஒரு மணி அலம்பக் கூடாது. அந்த ஒரு மணியில் ப்ரியம்வதா நடுங்கினாள், வியர்த்தாள், ஒருதரம் வாந்தி எடுத்தாள். வரலட்சுமி பக்கத்திலேயே உட்கார்ந்து, ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தாள். புரட்டாசியில் வரதுவுக்கு மூன்று வயது நிறைகிற திருநட்சத்திரம் வருகிறது, அன்றைக்கு அவனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று ரெண்டு பேரும் நாள் குறித்துக்கொண்டார்கள்.

மூன்றாம் வாரம் வரலட்சுமி கதவைச் சாத்திவிட்டு ஹயக்ரீவனையும் உட்காரச் சொன்னாள்.

"ஒண்ணு சொல்லிட்றேன் சார். இனிமே என் கையால குடுக்கிறதை இவங்க துன்னணும். அதுவும் வைத்தியந்தான். துன்றதுக்கு முன்னாடி இது என்ன கைன்னு தெரிஞ்சிக்கினு துன்னட்டும். மலை மேல கல்யாணகட்டாவுல ஏழு வருஷம் பொம்பளைங்களுக்கு மொட்டை அடிச்சிக்கினு இருந்தேன். எங்க நைனா நாகபூஷணமும் அதே வேலை. மொட்டை அடிச்சிக்கினே தபால்ல பி.ஏ. படிச்சேன். அப்பறம் எம்.எஸ்சி. அப்பறம் பெங்களூர்ல ஒரு ஆஸ்பத்திரியில ரெண்டு வருஷம் எம்.ஃபில். எட்டு வருஷமா இந்த வேலை பாக்கறேன். வர்றவங்க யாரும் கேக்கறதில்ல, நானும் சொல்றதில்ல. நீங்க மாட வீதிக்காரங்க. பின்னால தெரிஞ்சா இவங்களுக்குத்தான் அடி விழும். ஒப்பலன்னா வேற நல்ல டாக்டர் பேர் எழுதித் தரேன். எனக்கு வருத்தம் ஒண்ணும் இல்ல."

ஹயக்ரீவன் தரையைப் பார்த்தான். ப்ரியம்வதா அவள் கையைப் பார்த்தாள்.

"மொட்டை போட்டுக்கறச்சே பொம்மனாட்டிகள் அழுவாளா?"

"அழுவாங்க மா. தலையில தண்ணி தெளிச்சிக் கத்தி வெச்சதும் அத்தினியும் சொல்வாங்க. புருஷன் சங்கதி, செத்துப்போன புள்ள சங்கதி. குனிஞ்ச தலைக்கு வெக்கம் கிடையாது. இந்த வேலைய நான் கத்துக்கினது அங்கதான். காலேஜுல அதுக்குப் பேரு மட்டும் சொல்லிக் குடுத்தாங்க."

"நான் உங்க கையாலயே சாப்பிடறேன்" என்றாள் ப்ரியம்வதா. புருஷனைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஆத்துல சொல்ல வேண்டாம்" என்றான் ஹயக்ரீவன். "நமக்குத் தெரிஞ்சாப் போறும்."

ஆடிக் காற்று அடித்த ஒரு வியாழக்கிழமை காலை, வரதுவையும் கூட்டிக்கொண்டு நாலு பேருமாக மலையடிவாரத்து அலிபிரிக்குப் போனார்கள். மலையேறுகிற சனம் நெருக்கியடித்தது. படிப் பூசை வேண்டிக்கொண்ட பெண்கள் ஒவ்வொரு படிக்கும் மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்துக் குனிந்து குனிந்து ஏறினார்கள். அவர்கள் வைத்த குங்குமத்தை அடுத்த நொடி ஆயிரம் கால் மிதித்தது. மொட்டைத் தலையில் சந்தனம் பூசிக்கொண்டு இறங்குகிறவர்கள் ஒரு பக்கம்.

"அந்தப் படியைத் தொடுங்க மா. ரெண்டு கையையும் அழுத்தி வைங்க."

ப்ரியம்வதா உள்ளங்கையைக் கல்லில் வைத்தாள். மஞ்சளும் மண்ணும் சேறும் ஒட்டியது. உதடு வெளுத்தது. வரலட்சுமி தள்ளுவண்டியில் கொய்யாப்பழம் வாங்கி, நாலாகக் கீறி உப்பும் மிளகாய்ப்பொடியும் தடவி வைத்த துண்டு ஒன்றைத் தன் கையால் நீட்டினாள். ப்ரியம்வதா அதே கையால் வாங்கினாள். கடித்தாள். மென்றாள். விழுங்கும்போது தொண்டை ஏறி இறங்கியதை ஹயக்ரீவன் பார்த்துக்கொண்டே நின்றான். அரை மணி ஆயிற்று, ஒரு மணி ஆயிற்று. தண்ணீர்க் குழாய் பத்தடியில் இருந்தது, அவள் போகவில்லை. ஒன்றரை மணிக்குப் பிறகு, படியில் உட்கார்ந்து கால் ஆட்டிக்கொண்டிருந்த வரதுவின் பக்கம் நகர்ந்து, ஒரு விரலால் அவன் கால் கட்டைவிரலைத் தொட்டாள். அவன் கூச்சத்தில் கெக்கெக்கே என்று சிரித்தான். அவள் மறுபடி தொட்டாள்.

"சுடறது" என்றாள். "இவன் கால் இப்படிச் சுடும்னே மறந்துபோயிடுத்து."

ஹயக்ரீவன் கொய்யாவண்டிப் பக்கம் திரும்பி நின்று துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். அதன் பிறகு கை ஆறத் தொடங்கியது. ஆவணி பிறந்தபோது வரதுவுக்குத் தலை வாரிவிட்டாள், சட்டை பித்தான் போட்டாள். தூக்குவது ஒன்றுதான் பாக்கி. பத்மினிக்கே சந்தோஷம். "கைக்குத் தேவலை" என்று சொல்லிக்கொண்டாள்.

இங்கே ஒரு நல்ல மனிதர் வருகிறார். கங்கையா. மலைமேல் முப்பது வருஷம் மொட்டை அடித்து ஓய்வு பெற்றவர், மாட வீதிப் பெரியவர்களுக்கு வீட்டுக்கு வந்து சவரம் செய்பவர். ஆவணியில் ஒரு காலை, வெங்கடராகவன் வீட்டுக் கொல்லையில் கிணற்றடி மணையில் அவரை உட்காரவைத்து முகத்தில் தண்ணீர் தடவினார். பெரியவருக்கு அன்றைக்குப் பேச்சு ஊறியது.

"மாட்டுப்பொண்ணுக்குக் கை நன்னா ஆயிடுத்து, கங்கையா. பாலாஜி காலனியில ஒரு லேடி டாக்டர், வரலட்சுமின்னு பேரு. கைராசின்னா அப்படி ஒரு கைராசி."

கங்கையா கத்தியை எடுத்துவிட்டார். "வரலட்சுமியா? தோல் டாக்டருக்கு மேல் மாடியா சாமி?"

"ஆமாம். தெரியுமோ?"

"தெரியுமாவா! நம்ம நாகபூஷணம் பொண்ணு சாமி அது! ஏழு வருஷம் மலை மேல எங்க கூட குந்திக்கினு மொட்டை அடிச்ச பொண்ணு. கத்தி புடிச்சதுன்னா ஒரு கீறல் உழாது. மத்தியானம் நாங்கல்லாம் துன்னுட்டுப் படுத்துக்குவோம், அது புஸ்தகத்த வெச்சிக்கினு இருக்கும். எங்க ஜனத்துல டாக்டருன்னு மொத மொத போர்டு போட்டது அதான் சாமி. உங்க வீட்டுக்கே வைத்தியம் பாக்குதா? எங்க நாகபூஷணத்துக்குச் சொன்னா ஆடிப்புடுவான்!"

அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. பாதிக் கன்னத்தோடு எழுந்திருக்க முடியாது அல்லவா? முடிகிறவரை வெங்கடராகவன் அசையாமல் உட்கார்ந்திருந்தார். பிறகு கிணற்றில் இறைத்துத் தலைமுழுகி, திருமண் இட்டுக்கொண்டு, கூடத்துக்கு வந்து எல்லாரையும் கூப்பிட்டார். ஹயக்ரீவன் அப்போதுதான் மடப்பள்ளியிலிருந்து வந்திருந்தான், கையில் புளி வாசனை.

விஷயத்தைக் கேட்டதும் பத்மினி முதலில் நம்பவில்லை. பிறகு மருமகளிடம் மெதுவாகக் கேட்டாள்.

"அங்க போய்த் தீர்த்தம் கீர்த்தம் ஏதாவது குடிச்சியாடி?"

ப்ரியம்வதாவுக்குப் பொய் வராது. "கொய்யாப்பழம் சாப்பிட்டேம்மா. பிஸ்கெட் சாப்பிட்டேன். அவா கையால."

"ஐயையோ! தெரியாமச் சாப்பிட்டுட்டியேடி! ஏமாத்திட்டாளே!"

"ஏமாத்தலைம்மா. மொதல்லயே சொன்னா. தெரிஞ்சுதான் சாப்பிட்டேன். சாப்பிட்டதுனாலதான் வரதுவைத் தொட முடியறது." அவள் குரல் நடுங்கவில்லை. அந்த வீட்டில் கால் வைத்த நாளிலிருந்து அவள் அவ்வளவு நிமிர்ந்து பேசினது அன்றைக்குத்தான். "இவருக்கும் தெரியும். கேளுங்கோ."

மூன்று முகமும் ஹயக்ரீவன் பக்கம் திரும்பின.

"நீ பெருமாளுக்குத் தளிகை பண்றவன்" என்றார் வெங்கடராகவன். "சவரம் பண்ற கையால சாப்பிட்டவ பரிமாறிச் சாப்பிட்டுட்டு, தெரிஞ்சுண்டே மடப்பள்ளிக்குள்ள போனியா? அங்க இருக்கிறவாளுக்கு இது தெரிஞ்சா நாளைக்கு உன்னைக் கரண்டியைத் தொட விடுவாளா? நாலு தலைமுறையா நம்ம கைங்கரியம். தெரியுமா, தெரியாதா? ஒரு வார்த்தை சொல்லு, போறும்."

ஹயக்ரீவன் மனைவியைப் பார்த்தான். அப்பாவைப் பார்த்தான்.

"தெரியாது."

"என்ன சொல்றேள்?" என்றாள் ப்ரியம்வதா. "நமக்குத் தெரிஞ்சாப் போறும்னு சொன்னேளே? அந்த ரூம்ல, கதவைச் சாத்திண்டு?"

"நான் அப்படிச் சொல்லலை, ப்ரியா. நீ ஏதோ நினைச்சுண்டிருக்கே."

பாவி! முதல் பொய்யைக்கூடப் பயத்தில் சொன்னான் என்று விட்டுவிடலாம். ரெண்டாவதை எந்த வாயால் சொன்னான்? கதவைப் பூட்டினோமா, அடுப்பை அணைத்தோமா, கையை அலம்பினோமா என்று தன் ஞாபகத்தையே நம்ப முடியாமல் தவிப்பதுதான் அவள் வியாதி. அந்த மாடி அறையில் நாலு மாதம் பாடுபட்டு இப்போதுதான் தன் ஞாபகத்தின்மேல் ஒரு காலை ஊன்றியிருந்தாள். அதை இவன் தட்டிவிட்டான். ப்ரியம்வதா தன் கையைப் பார்த்தாள்.

மறுநாள் காலை தீட்டுக் கழிக்க வைதிக வாத்தியார் வந்தார். புண்ணியாகவாசனம், பஞ்சகவ்யம், புதுப் பாத்திரம். கிரண்குமார் ஒரு முழு லாரித் தண்ணீர் விட்டுப் போனான். கிணற்றடியில் ப்ரியம்வதாவை உட்காரவைத்து நூற்றெட்டுக் குடம். ஊற்றினவள் பத்மினி. கோபமாக ஊற்றியிருந்தாலாவது தேவலை. பெற்ற பெண்ணுக்கு எண்ணெய் தேய்த்துவிடுகிற மாதிரி அத்தனை வாஞ்சையாக, தேங்காய் நாரால் விரல் விரலாகத் தேய்த்து, "இன்னும் கொஞ்சம்டி கண்ணு, போயிடும், போயிடும்" என்று சொல்லிச் சொல்லி ஊற்றினாள். ஆறியிருந்த விரல்கள் மறுபடி வெடித்தன. நாற்பதாவது குடத்தில் ப்ரியம்வதா முதல்முறையாகக் கேட்டாள்.

"போயிடுத்தாம்மா?"

"இன்னும் இல்லைடி."

ஐம்பதில் கேட்டாள், அறுபதில் கேட்டாள். நூற்றெட்டு முடிந்ததும் பத்மினி, "எல்லாம் போயிடுத்து, வா" என்று கையைப் பிடித்தாள். ப்ரியம்வதா கையை உதறிக்கொண்டாள். "இங்க இன்னும் இருக்கும்மா, இந்த விரல்ல. இன்னும் ரெண்டு குடம்" என்றாள். பத்மினிக்குப் பூரித்துப்போயிற்று. ஊற்றினாள்.

இனி அந்த மாடிக்குப் போவதில்லை என்று ஆயிற்று. ஆனால் அதே மாடியில் எதிர் அறைக்காரர் வீட்டுக்கே வந்தார். விஜயராகவன். முன்னே பார்த்த வேலையைப் பார்த்துத்தான் அவரைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று நினைக்காதீர்கள். பத்மினி அவரிடம் கோத்திரம் கேட்டாள், பூர்வீகம் கேட்டாள், ஆசார்யன் யார் என்று கேட்டாள். எல்லாம் திருப்தி. எங்கே படித்தீர்கள் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவரே சந்தோஷமாகச் சொல்லியிருப்பார். முப்பத்தொரு வருஷம் பாகாலா ஜங்ஷன் வழியாக ஓடும் ரயில்களில் டிக்கெட் பரிசோதித்தவர். ஓய்வு பெற்றபின் ஒரு ஓட்டல் ஹாலில் மூன்று நாள் வகுப்பு, சாப்பாட்டோடு. நாலாம் நாள் மைண்ட் எக்ஸ்பர்ட். கெட்டவர் இல்லை. தான் சொல்வதை அவரே முழுக்க நம்பினார்.

"இது வியாதியே இல்லைம்மா" என்றார், காப்பியை ஆற்றிக்கொண்டே. "சத்வ குணம் கொஞ்சம் ஜாஸ்தி. இதைத் தடுக்கப்படாது, ஒழுங்குக்குக் கொண்டுவரணும். அந்தப் பொம்மனாட்டி தடுத்திருக்கா, அதான் உள்ளுக்குள்ள அழுத்தம். இனிமே கை அலம்பறச்சே தடவைக்கு ஒரு திருநாமம். கேசவா, நாராயணா, மாதவான்னு பன்னிரண்டு. பன்னிரண்டு முடிஞ்சா நிறுத்திடணும். நடுவுல மனசு சிதறினா மட்டும் மறுபடி முதல்லேந்து."

எந்த மனசு சிதறாது? கேசவாவில் தொடங்கி த்ரிவிக்ரமா வரும்போது ஒரு காக்கை கத்தும். மறுபடி கேசவா. ஸ்ரீதரா வரும்போது வரதுவின் குரல் கேட்கும். மறுபடி கேசவா. முன்பு அலம்பினால் அரை மணியில் ஓய்ந்து எழுந்திருப்பாள். இப்போது மத்தியானச் சோறு ஆறிப்போகிறவரை கிணற்றடியிலேயே இருந்தாள். பிள்ளை பத்தடிக்குள் வந்தால் கத்தினாள். தினம் ஹயக்ரீவன் வந்ததும் அவள் கேட்பது ஒரே கேள்வி.

"நீங்க அன்னிக்குச் சொன்னேளா, நானா நினைச்சுண்டேனா?"

"சாப்பிடு, ப்ரியா. அப்புறம் பேசலாம்" என்பான்.

ஒருநாள் கோயிலிலிருந்து நேரே பாலாஜி காலனிக்குப் போனான். எதற்குப் போனான் என்று அவனுக்கே தெரியாது. வரலட்சுமி அவனை உட்காரச் சொன்னாள்.

"கங்கையா மாமா எங்கூட்டு வாசல்ல வந்து தலையில அடிச்சிக்கினு அழுதாரு சார். பெருமைக்குச் சொன்னாராம். எங்க நைனா சோறு துன்னு ரெண்டு நாள் ஆச்சு. அதெல்லாம் போவட்டும். அவங்க எப்படி இருக்காங்க?"

அவன் சொன்னான்.

"இப்பக்கூட ஒண்ணும் ஆயிடல. வூட்டுக்குப் போங்க. பெரியவங்க ரெண்டு பேரையும் கூப்ட்டு, அவங்களையும் பக்கத்துல வெச்சிக்கினு, எனக்குத் தெரியும், நாந்தான் மறைச்சேன்னு சொல்லுங்க. அவங்களுக்கு இப்ப மருந்து அந்த ஒரு வார்த்தைதான். தனியா சொல்லாதீங்க, நம்ப மாட்டாங்க. பெரியவங்க எதுக்கச் சொல்லுங்க."

"அப்பாவுக்கு வயசாயிடுத்தும்மா. அவர் காலம் வரைக்குமாவது..."

"அது வரைக்கும் உங்க புள்ள என்னா பண்ணுவான் சார்?"

ஹயக்ரீவன் எழுந்துகொண்டான்.

"எட்டு வருஷமா குந்திக்கினு இருக்கறேன்" என்றாள் வரலட்சுமி. "பெத்தவங்களே அடிச்ச பொண்ணுங்க வந்திருக்காங்க, புருஷன் சூடு வெச்சவங்க வந்திருக்காங்க. கூடவே இருந்துக்கினு, ஒரு அடி அடிக்காம, ஒருத்தி ஞாபகத்தையே புடுங்கிப் போட்டது நீங்கதான் சார்."

புரட்டாசியில் வரதுவின் திருநட்சத்திரம் வந்தது. முதல் நாள் பெய்த மழையில் கொல்லை வழுக்கியது. திருக்கண்ணமுது, புளியோதரை, வடை. சித்தூரிலிருந்து சித்தப்பா வந்திருந்தார், விஜயராகவனும் வந்திருந்தார், கூடம் நிறையச் சனம். புதுப் பட்டு வேஷ்டியில் வரது அங்குமிங்கும் ஓடினான். ப்ரியம்வதா கிணற்றடியில் இருந்தாள். ஹயக்ரீவன் கொல்லைக்குப் போய் அவள் எதிரில் நின்றான். பெரியவர்கள் எதிரில் சொல்லத் தைரியம் வரவில்லை. தனியாகத்தான் சொன்னான்.

"ப்ரியா. எனக்குத் தெரியும். அவா சொன்னது தெரியும். நமக்குத் தெரிஞ்சாப் போறும்னு நான்தான் சொன்னேன். நான் பொய் சொல்லிட்டேன்."

அவள் அவனை அண்ணாந்து பார்த்தாள். முகத்தில் கோபம் வரும் என்று எதிர்பார்த்தான், அழுகை வரும் என்று எதிர்பார்த்தான். இரக்கம்தான் வந்தது.

"என் மனசு ஆறணும்னு சொல்றேள்" என்றாள். "வேண்டாம். எனக்காக நீங்க எதுக்குப் பொய் சொல்லிப் பாவம் தேடிக்கணும்? அன்னிக்கு அப்பா கேட்டப்போ எல்லார் எதிர்லயும் தெரியாதுன்னேளே. பெருமாளுக்குத் தளிகை பண்றவர் நீங்க. அப்பா எதிர்ல பொய் சொல்வேளா? எனக்குத்தான் புத்தி பிசகிடுத்து." பிறகு செம்பை எடுத்தாள். "பேச்சுல விட்டுப்போயிடுத்து. மறுபடி முதல்லேந்து பண்ணணும். கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ. கேசவா."

ஹயக்ரீவன் கூடத்துக்குத் திரும்பினான். உள்ளே போகும் வழியில், கொல்லை வாசலோரம் தாழ இருக்கிற குழாயடியில் வரது குந்தியிருந்தான். பட்டு வேஷ்டி இடுப்புவரை நனைந்துவிட்டது. பாத்திரம் தேய்க்கிற சோப்பைக் கையில் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தான். பிஞ்சு விரல்கள் சிவந்து, தண்ணீரில் ஊறிச் சுருங்கியிருந்தன.

"என்னடா பண்றே?"

"அலம்பிக்கறேன். எல்லாம் போயிடுத்துன்னா அம்மா தூக்கிப்பா" என்றான் வரது. அப்பாவை நிமிர்ந்து பார்க்கவில்லை. "ஒண்ணு. ரெண்டு. மூணு. நாலு. அஞ்சு." அதற்குமேல் அவனுக்கு எண்ணத் தெரியாது. யோசித்தான். மறுபடி சோப்பை எடுத்து, "ஒண்ணு" என்றான்.

பத்மினி பேரனைத் தேடிக்கொண்டு வந்தவள் வாசலில் நின்றுவிட்டாள். உள்ளே திரும்பி, "எல்லாரும் சித்த இங்க வந்து பாருங்கோளேன், இந்தக் குழந்தையை!" என்று கூப்பிட்டாள். சித்தப்பா வந்தார், விஜயராகவன் இலையிலிருந்து எழுந்த கையோடு வந்தார், நாலைந்து பேர் பின்னால் நின்று எட்டிப் பார்த்தார்கள். வெங்கடராகவன் கண்ணை மூடிக் கை கூப்பினார். ஹயக்ரீவன் அவர்கள் நடுவில் நின்றான், வாயைத் திறக்கவில்லை.

பத்மினி புடவையைச் செருகிக்கொண்டு பேரன் பக்கத்தில் குந்தினாள். அவன் விரலைப் பிரித்து இடுக்கில் சோப்பைத் தேய்த்துவிட்டாள்.

"அஞ்சோட நிறுத்தப்படாதுடா கண்ணா. பன்னிரண்டு வரைக்கும் இருக்கு. பாட்டி சொல்லித் தரேன். சொல்லு, ஆறு."

"ஆறு" என்றான் வரது.